ஓட்டர் லிஸ்டில் யார் பேர்? – பிரெஞ்சு ஆப்பிரிக்காவின் தேர்தல்கள், 1945–1957

1951 மே மாதம் பாரிஸ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஆப்பிரிக்கக் காலனிகளில் இனிமேல் யாரெல்லாம் ஓட்டுப் போடலாம் என்று வகை வகையாகப் பட்டியல் போடும் சட்டம். அதில் புதிதாகச் சேர்த்த ஒரு வகை இது: இரண்டு பிள்ளைகளைப் பெற்ற தாய். அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரான்சுக்காக உயிரை விட்டிருக்க வேண்டும்.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஓட்டு இல்லை. பிரான்ஸ் நடத்திய போரில் பறிகொடுத்திருந்தால் உண்டு. ஒரு சாம்ராஜ்யம் தன் மக்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

புதுச்சேரியின் பழைய தேர்தல்கள் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பக்கம் வந்து விழுந்தேன். புதுச்சேரிக்கும் பாரிஸ் நாடாளுமன்றத்தில் ஓர் இடம் இருந்தது தெரிந்திருக்கும். 1951-இல் எதுவார் குபேர் அங்கே போய் உட்கார்ந்த அதே அவையில், செனெகலிலிருந்தும் ஐவரி கோஸ்ட்டிலிருந்தும் காங்கோவிலிருந்தும் வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள், யார் ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள் என்று தேட ஆரம்பித்ததில் மூன்று மாதம் போய்விட்டது.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிஸ்டம் என்ன செய்கிறது என்று புரிய வேண்டுமென்றால், அதன் விளம்பரத்தைப் படிக்கக் கூடாது. உள்ளே யார் நுழையலாம் என்ற விதியைப் படிக்கணும். இந்தத் தேர்தல்களையும் அப்படித்தான் படிக்கப் போகிறேன். தலைவர்களின் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, ஓட்டர் லிஸ்ட்டைப் பின்தொடர்வோம்.

முதலில் பிரஸ்ஸாவில்

1944 ஜனவரி கடைசி. பிரான்ஸ் இன்னும் ஜெர்மனியின் பிடியில் இருக்கிறது. டி கோல் தலைமையிலான சுதந்திர பிரான்சுக்குக் காலூன்ற நிலம் கொடுத்ததே ஆப்பிரிக்காதான். குறிப்பாக, சாட் பகுதியின் கவர்னராக இருந்து 1940-இலேயே டி கோல் பக்கம் வந்த ஃபெலிக்ஸ் எபுவே. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் பிறந்த கறுப்பினத்தவர். அவர் பிறகு கவர்னர் ஜெனரலாக இருந்த பிரஸ்ஸாவில் நகரில், போருக்குப் பிந்தைய காலனிகளின் எதிர்காலம் பற்றி ஒரு மாநாடு கூடியது.

கூடியவர்கள் பெரும்பாலும் கவர்னர்களும் அதிகாரிகளும். ஆப்பிரிக்க மக்களின் பிரதிநிதி என்று ஒருவர்கூட இல்லை. மாநாட்டின் முடிவு இரண்டு பக்கமும் இழுத்தது. தன்னாட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை, தொலைதூர எதிர்காலத்திலும் இல்லை என்று எழுதிவைத்தார்கள். அதே சமயம், பிரான்சின் புதிய அரசியல் சாசனத்தை எழுதும் சபையில் காலனிகளுக்கும் இடம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்கள். போரில் ரத்தம் சிந்தியவர்களுக்கு ஏதாவது கொடுக்கணும், ஆனால் பிடி தளரக் கூடாது. அடுத்த பதின்மூன்று வருஷக் கதை முழுக்க இந்த இழுபறிதான்.

அந்த ரத்தக் கணக்கு வெறும் பேச்சில்லை. அதே 1944 டிசம்பர் 1 அன்று, டாகாருக்கு வெளியே தியாரோய் முகாமில், ஜெர்மன் சிறையிலிருந்து மீண்டு வந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவம் சுட்டது. அன்றைய அதிகாரபூர்வக் கணக்கு 35 பேர். உண்மை எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

ஒரே ஊர், இரண்டு பட்டியல்

1945 அக்டோபர் 21. அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல். காலனிகளில் வாக்காளர்களை இரண்டாகப் பிரித்தார்கள். குடிமக்கள் முதல் தொகுதி. மற்றவர்கள், அதாவது 'பிரஜைகள்', இரண்டாம் தொகுதி. இதற்கு இரட்டைத் தொகுதி முறை என்று பெயர்.

பிரான்சிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் குடிமக்கள். ஆப்பிரிக்கர்களில் குடியுரிமை இருந்தவர்கள் மிகச் சொற்பம். ஒரே விதிவிலக்கு செனெகலின் நான்கு நகரங்கள்: செயின்ட் லூயி, கோரே, ரூஃபிஸ்க், டாகார். இங்கே பிறந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே ஓட்டுப் போட்டுவந்தார்கள். 1914-இல் பிளேஸ் தியாஞ் என்ற கறுப்பினத்தவரையே பாரிசுக்கு அனுப்பினார்கள். முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்ட 1916-இல் அவர்களைக் குடிமக்கள் என்று சட்டமே அறிவித்தது, அதுவும் இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தை விட்டுக்கொடுக்காமல். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். 1881 ஆணைப்படி நம்மவர்கள் சாதி, மதம் சார்ந்த சொந்தச் சட்டத்தைக் கைவிட்டு 'ரெனோன்சான்' ஆனால்தான் முழுக் குடியுரிமை. ஒரே அரசு, ஊருக்கு ஒரு விதி.

சரி, இரண்டாம் தொகுதியிலாவது எல்லோரும் ஓட்டுப் போட்டார்களா? அதுவும் இல்லை. அரசு ஊழியர், படித்துப் பட்டயம் வாங்கியவர், முன்னாள் ராணுவத்தினர், பதக்கம் பெற்றவர், தொழிற்சங்கப் பொறுப்பாளர், ஊர்ப் பெரிய மனுஷர் என்று சில வகையினர் மட்டும். பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் ஒன்றரைக் கோடிக்கு மேல் மக்கள். அவர்களில் இரண்டாம் தொகுதிப் பட்டியலில் ஏறியவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான்.

இப்படி வடிகட்டிய தேர்தலில் தலையாட்டும் ஆட்கள்தான் வருவார்கள் என்று நிர்வாகம் எதிர்பார்த்திருக்கும். வந்தவர்கள் வேறு மாதிரி. செனெகலில் முதல் தொகுதியில் வக்கீல் லமீன் கேய். இரண்டாம் தொகுதியில் அவர் அழைத்துவந்த இலக்கண ஆசிரியர், ஜெர்மன் போர்க்கைதியாக இருந்து மீண்ட கவிஞர் லெயோபோல் செதார் செங்கோர். காமரூனில் அலெக்சாந்தர் துவாலா மாங்கா பெல். அவருடைய அப்பாவை 1914-இல் ஜெர்மானியர்கள் தூக்கிலிட்டிருந்தார்கள். ஐவரி கோஸ்ட்டில் ஃபெலிக்ஸ் ஹூஃபுவே.

சில ஆயிரம் ஓட்டுகளும் ஒரு குட்டிச் சட்டமும்

ஐவரி கோஸ்ட்டில் கொஞ்சம் நின்று பார்க்கணும், ஏனென்றால் ஓட்டின் விலை என்ன என்று அங்கேதான் தெரிகிறது.

அங்கே காப்பியும் கோகோவும் விளைந்தன. வெள்ளைக்காரத் தோட்டங்களுக்கு நிர்வாகமே கட்டாய வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது. அதிகமும் வடக்கே, இன்றைய புர்கினா ஃபாசோவிலிருந்து மோசி இன மக்கள். 1932-இல் அப்பர் வோல்டா என்ற அந்தக் காலனியையே கலைத்து, அதன் பெரும்பகுதியை ஐவரி கோஸ்ட்டோடு சேர்த்திருந்தார்கள். ஆப்பிரிக்கத் தோட்டக்காரர்களுக்கோ ஆள் கிடைக்காது. போதாததற்கு அவர்களையே கட்டாய வேலைக்கு இழுக்கலாம். இதை எதிர்த்து 1944-இல் ஆப்பிரிக்க விவசாயிகள் சங்கம் உருவானது. தலைவர் ஹூஃபுவே. மருத்துவம் படித்தவர், ஊர்த் தலைவர், பெரிய தோட்டக்காரர்.

1945 தேர்தலில் அவருக்கு முக்கியப் போட்டி மோசி மன்னர் மோகோ நாபாவின் ஆதரவு பெற்ற வேட்பாளர். வடக்கின் கோரிக்கை எங்கள் காலனியைத் திருப்பித் தா என்பது. இரண்டாம் சுற்று வரை போய், குறைந்த வித்தியாசத்தில் ஹூஃபுவே ஜெயித்தார். ஜெயித்த பிறகு தன் பெயரோடு 'புவாஞி' என்று சேர்த்துக்கொண்டார். அவருடைய பவுலே மொழியில் அதற்குக் கடா என்று பொருள். முட்டி வழி திறப்பவன் என்ற அர்த்தத்தில்.

முட்டினார்தான். 1946 ஏப்ரல் 11 அன்று அவர் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. ரொம்பச் சின்னச் சட்டம். கடல்கடந்த பிரதேசங்களில் கட்டாய வேலை அடியோடு தடை செய்யப்படுகிறது என்பதே அதன் சாரம். ஒரு மாதம் கழித்து, மே 7 அன்று லமீன் கேய் சட்டம்: கடல்கடந்த பிரதேசங்களின் மக்கள் எல்லோரும் ஜூன் 1 முதல் குடிமக்கள்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றேன். கட்டாய வேலைக்குப் பிடித்துப் போகப்பட்டவர்களில் அநேகமாக யாருக்கும் அந்தத் தேர்தலில் ஓட்டில்லை. ஓட்டிருந்த சில ஆயிரம் பேர் – குமாஸ்தா, வாத்தியார், பழைய சிப்பாய், தோட்டக்காரர் – அனுப்பிய ஓர் ஆள், ஓட்டே இல்லாத லட்சக்கணக்கானவர்களின் முதுகுச் சுமையை இறக்கிவைத்தார். அந்தத் தேர்தல் வெறும் நாடகம் என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

குடிமகன் உண்டு, ஓட்டு இல்லை

ஆனால் அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1946 மே 5 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் முதல் சாசன வரைவு தோற்றது. ஜூனில் அமைந்த இரண்டாவது சபை இன்னும் பழமைவாதம். எல்லோரும் சமமான குடிமக்கள் என்றால் ஓட்டும் சமமாகத்தானே இருக்கணும்? அப்படிச் செய்தால் பிரான்ஸ் தன் பழைய காலனிகளின் காலனி ஆகிவிடும் என்று மூத்த தலைவர் எதுவார் எரியோ சபையில் கவலைப்பட்டார். செங்கோர் எழுந்து இது இனவெறி என்று சொன்னார்.

தலைக்கணக்கு போட்டால் எரியோ சொன்னது சரிதான். அதில்தான் எல்லாமே அடங்கியிருந்தது. சாம்ராஜ்யத்தையும் வைத்துக்கொள்ளணும், சமத்துவத்தையும் பேசணும் என்றால் கணக்கு டேலி ஆகாது.

அதனால் சமரசம் வந்தது. எல்லோரும் குடிமக்கள், ஆனால் ஓட்டு எல்லோருக்கும் இல்லை. 1946 அக்டோபர் 5 சட்டம் வகைகளைக் கொஞ்சம் விரித்தது. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர், டிரைவிங் லைசென்ஸ் வைத்திருப்பவர்கூட அதில் உண்டு! லாரி ஓட்டத் தெரிந்தால் ஓட்டு, மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தால் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலும் டோகோவிலும் தேசிய சபைத் தேர்தலுக்கு ஒரே தொகுதி என்றார்கள். மத்திய ஆப்பிரிக்காவிலும் காமரூனிலும் இரட்டைத் தொகுதி அப்படியே தொடர்ந்தது.

அந்த அக்டோபரில்தான் பமாகோவில் பல பிரதேசத் தலைவர்கள் கூடி ஆப்பிரிக்க ஜனநாயகக் கூட்டணியை, சுருக்கமாக ஆர்.டி.ஏ.வை, ஆரம்பித்தார்கள். ஹூஃபுவே தலைவர். நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். 1947-இல் கம்யூனிஸ்டுகள் பிரெஞ்சு அரசிலிருந்து வெளியேறியதும் ஆர்.டி.ஏ. எதிரிக் கட்சி ஆகிவிட்டது. அதே வருஷம் செப்டம்பரில் அப்பர் வோல்டா திரும்பப் பிறந்தது. மோசிகளின் கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் ஆர்.டி.ஏ.வின் வளர்ச்சியை வடக்கே தடுப்பதற்கும் அது வசதியாக இருந்தது.

அடுத்து அடக்குமுறை. 1949 டிசம்பரில் கைதான தலைவர்களை விடுவிக்கக் கோரிப் பெண்கள் கிராண்ட் பஸ்ஸாம் சிறையை நோக்கி நடந்தார்கள். 1950 ஜனவரி 30 அன்று திம்போக்ரோவில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் பலி. அந்த வருஷ அக்டோபரில் ஹூஃபுவே கம்யூனிஸ்டுகளோடு உறவை முறித்தார். அதற்கு வழி செய்த கடல்கடந்த பிரதேசங்களின் அமைச்சர் யார் தெரியுமா? பின்னாளில் பிரான்சின் அதிபரான பிரான்சுவா மித்தரான்.

1951: வரிப் பட்டியலே ஓட்டர் லிஸ்ட்

இப்போது ஆரம்பித்த இடத்துக்கு வருவோம். 1951 மே 23 சட்டம். தாய்மார்களைத் தவிர, வரி கட்டும் குடும்பத் தலைவர்களையும் சேர்த்தது. பிறப்புப் பதிவே சரியாக இல்லாத ஊர்களில் வயதை எப்படி நிரூபிப்பது? ஆனால் வரி வசூல் பட்டியல் மட்டும் ஊருக்கு ஊர் சுத்தமாக இருந்தது. ஆள் யார் என்று அரசுக்குத் தெரிந்தது வசூலுக்காகத்தான். அந்தக் கணக்கே இப்போது உரிமைக்கும் ஆதாரம் ஆனது.

ஒரு மாதத்துக்குள், ஜூன் 17 அன்று தேர்தல். விளைவு செனெகலில் அப்பட்டமாகத் தெரிந்தது. நான்கு நகரங்களின் பழைய குடிமக்கள் லமீன் கேயின் பலம். செங்கோர் 1948-இல் அவரைவிட்டுப் பிரிந்து தனிக் கட்சி கண்டிருந்தார். காக்கி உடையில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். கடலை விவசாயிகள், அவர்கள் நம்பிய இஸ்லாமிய ஆன்மிகத் தலைவர்கள், தொழிற்சங்கங்கள் என்று கோர்த்தார். எழுத்து தெரியாதவர்களுக்காகக் கட்சிக்கு ஒரு நிறம்: கேய்க்குச் சிவப்பு, செங்கோருக்குப் பச்சை. பச்சை இரண்டு மடங்குக்கு மேல் ஓட்டு வாங்கி இரண்டு இடங்களையும் அள்ளியது. செங்கோரோடு தொழிற்சங்கத் தலைவர் அப்பாஸ் கேய் உள்ளே போக, எல்லோரையும் குடிமக்கள் ஆக்கிய லமீன் கேய் வெளியே நின்றார். அவர் சட்டத்தால் குடிமக்கள் ஆனவர்களே அவரைத் தோற்கடித்தார்கள். வரலாறு சில சமயம் நன்றி பார்ப்பதில்லை.

அதே நாள் ஐவரி கோஸ்ட்டில் வேறு படம். ஆர்.டி.ஏ. ஆசிரியர்களையும் குமாஸ்தாக்களையும் தொலைதூர ஊர்களுக்கு மாற்றுவது, ஊர்த் தலைவர்கள் மூலம் நெருக்குவது, எதிர்த்து நிற்பவர்களுக்கு நிர்வாகமே முட்டுக்கொடுப்பது என்று எல்லா வித்தையும் நடந்தது. இரண்டு இடங்களில் ஹூஃபுவேக்கு ஒன்றுதான் கிடைத்தது. ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்து ஆர்.டி.ஏ.வுக்கு மூன்றே இடம்.

இரட்டைத் தொகுதி நீடித்த உபாங்கி-ஷாரியில், அதாவது இன்றைய மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில், இன்னொரு பாடம் நடந்தது. முன்னாள் பாதிரியார் பார்தெலெமி பொகாண்டாவை அந்த ஜனவரியில் கைது செய்து இரண்டு மாதத் தண்டனையும் கொடுத்தார்கள். ஜூனில் மக்கள் அவரையே திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். சிறைவாசம் வேட்பாளருக்குப் பலம் சேர்க்கும் என்பது நம் ஊர் அரசியல் பார்த்தவர்களுக்குப் புதுசு இல்லை.

கினி: திருடப்பட்டதாக நம்பப்பட்ட ஓட்டு

1954-இல் கினியின் உறுப்பினர் யாசின் தியால்லோ இறந்துபோக, இடைத்தேர்தல். ஒரு பக்கம் தொழிற்சங்கத் தலைவர் சேக்கு தூரே. இன்னொரு பக்கம் நிர்வாகத்துக்கும் ஊர்த் தலைவர்களுக்கும் பிடித்த பாரி தியாவாது. தியாவாது ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஊரே நம்பவில்லை. முறைகேடு என்ற புகார் பாரிஸ் வரை போய், அவருடைய தேர்வை உறுதிசெய்வது 1955 ஜனவரி வரை தள்ளிப்போனது.

இந்தத் தோல்விதான் தூரேயின் கட்சியை வளர்த்தது என்று தோன்றுகிறது. ஓட்டு திருட்டுப் போச்சு என்று ஒருவன் கோபப்பட வேண்டுமென்றால், அந்த ஓட்டு தன்னுடையது என்ற எண்ணம் முதலில் வந்திருக்கணும். பத்து வருஷத்துக்கு முன் 'பிரஜை'யாக இருந்தவனுக்கு அந்த எண்ணம் வந்துவிட்டது. 1956 ஜனவரி 2 பொதுத்தேர்தலில் கினியின் மூன்று இடங்களில் இரண்டு தூரேயின் கட்சிக்கு. ஹூஃபுவே அடுத்த மாதம் பாரிசில் கீ மொல்லே அரசில் அமைச்சரே ஆனார்.

1956 ஜூன் 23. தெஃபேர் சட்டம் என்று அறியப்படும் அடிப்படைச் சட்டம் வந்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு, ஆண் பெண் பேதமில்லை. இரட்டைத் தொகுதி ஒழிந்தது. ஒவ்வொரு பிரதேச சபைக்கும் ஓர் ஆட்சிக் குழு. வகைகள், லைசென்ஸ், வரி ரசீது எல்லாம் குப்பைக்குப் போயின. 1945-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு லட்சத்தைத் தாண்டிய அந்தப் பட்டியல், 1957 மார்ச் பிரதேசத் தேர்தலில் சுமார் ஒரு கோடியைத் தொட்டது. கினியில் 60 இடங்களில் 56 தூரேயின் கட்சிக்கு.

அடுத்த வருஷம் செப்டம்பர் 28 அன்று டி கோல் புதிய சாசனத்துக்கு ஆமா, இல்லையா என்று கேட்டபோது, கினி மட்டும் 'இல்லை' என்றது. அக்டோபர் 2-இல் சுதந்திரம். 1960-க்குள் மற்றவர்களில் பெரும்பாலானோரும்.

கணக்கு பார்த்தால்

பிரான்ஸ் ஜனநாயகம் கற்றுக்கொடுத்தது என்று ஒரு தரப்பு சொல்லும். மூன்று மாதம் படித்ததில் எனக்குத் தெரிந்தது வேறு. ஒவ்வொரு முறையும் பட்டியலை எவ்வளவு சின்னதாக வைக்கலாம் என்றுதான் பாரிஸ் பார்த்தது. ஒவ்வொரு முறையும் உள்ளே வந்த கொஞ்சப் பேர், வெளியே நின்றவர்களுக்காகக் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினார்கள். சமத்துவம் என்று ஒரு வார்த்தையைச் சட்டத்தில் எழுதிவிட்டால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தன் வாசலில் வந்து நிற்பான் என்பதை எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை.

இதோடு முடித்தால் கதை இனிக்கும், ஆனால் முழுசாக இருக்காது. தெஃபேர் சட்டம் அதிகாரத்தைப் பிரதேசம் பிரதேசமாகப் பிரித்துக் கொடுத்தது. இது ஆப்பிரிக்காவைத் துண்டு போடும் வேலை என்று செங்கோர் அப்போதே எதிர்த்தார். இன்றைய எல்லைகள் அந்தத் துண்டுகள்தான். ஓட்டுத் திருட்டை எதிர்த்து வளர்ந்த சேக்கு தூரே, சுதந்திரத்துக்குப் பிறகு ஒரே கட்சி ஆட்சி வைத்து 1984-இல் சாகும்வரை இறங்கவில்லை. ஹூஃபுவே 1993-இல் சாகும்வரை இறங்கவில்லை. அவர் நாட்டில் எதிர்க்கட்சிகளோடு தேர்தல் என்பதே 1990-இல்தான் வந்தது. செங்கோர் மட்டும் 1980 கடைசியில் தானாகப் பதவி விலகினார்.

ஓட்டர் லிஸ்ட்டில் பெயர் ஏறப் பன்னிரண்டு வருஷம் போராடியவர்களுக்கு, பெயர் ஏறிய பிறகு சீட்டில் ஒரே பெயர்தான் இருந்தது. உள்ளே யார் நுழையலாம் என்ற விதியைப் படிப்பதோடு, உள்ளே போனபின் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்பதையும் படிக்கணும் என்று என் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

அந்த இரண்டு பிள்ளைகளின் தாயை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை. 1951 ஜூனில் செனெகலின் ஏதோ ஒரு கடலைக் கிராமத்தில் வரிசையில் நின்று, பச்சைச் சீட்டை உறையில் மடித்துப் போட்டிருப்பாள். அவள் பிள்ளைகள் உயிரோடு இருந்திருக்கட்டும்.